“எத்தனை மணிக்கு?” என்பதை முதலில் கேளுங்கள்

வாசகர் கடிதம்:

டாக்டர் ஐயா அவர்களுக்கு வணக்கம். நாங்கள் கெடா மாநிலத்தில் பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். என் கணவர் செம்பனைக் குலை வெட்டும் வேலை செய்கிறார். மூத்த மகன் பேராவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பிடிபிடிஎன் கல்விக் கடன் பணம் போதவில்லை என்று வாரத்தில் நான்கு இரவுகள் ஓர் உணவகத்தில் பகுதிநேர வேலை பார்க்கிறான். மூன்று வாரங்களுக்கு முன்பு வேலை முடிந்து விடியற்காலை 2 மணிக்கு மோட்டார் சைக்கிளில் தங்கும் இடத்திற்குத் திரும்பும்போது விழுந்து, காறை எலும்பு முறிந்துவிட்டது. சில நிமிடங்கள் நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். அதே மாதம் அவனுடைய அறைத்தோழன் மீது கெட்டில் கவிழ்ந்து தொடை வெந்துபோனது. இப்போது என் மகளுக்கும் வெளிமாநிலத்தில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருக்கிறது. ஏழரைச் சனி என்கிறார் மாமியார். மோட்டாரை விற்றுவிடச் சொல்கிறார் கணவர். அது இல்லாமல் படிக்கவே முடியாது என்கிறான் மகன். எனக்கு மகளை அனுப்பவே பயமாக இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கேள்விகளுக்குள் போவதற்கு முன்னால், இந்த வாரமே கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் சில நிமிடங்கள் நினைவிழந்து கிடந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். தலைக்கு ஸ்கேன் எடுத்தார்களா என்பதை எழுதவில்லை. காறை எலும்பு முறிவு கண்ணுக்குத் தெரியும், வலிக்கும், எல்லாரும் அதைப் பற்றியே பேசுவார்கள். தலையில் பட்ட அடியை அதனால் மறந்துவிடுவார்கள். அவருக்கு இப்போதும் தலைவலி இருக்கிறதா, அது நாளுக்கு நாள் கூடுகிறதா, வாந்தி வருகிறதா, வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்குகிறாரா, ஒரு கையோ காலோ பலவீனமாகத் தோன்றுகிறதா, பேச்சில் தடுமாற்றம் உண்டா என்று இன்றே தொலைபேசியில் கேளுங்கள். மூளையைச் சுற்றி மெதுவாகக் கசியும் இரத்தம் சில வாரங்கள் கழித்தும் தன்னை வெளிக்காட்டக்கூடும். இவற்றுள் ஒன்று இருந்தாலும் அடுத்த விடுமுறைவரை காத்திருக்காமல், அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்று, விழுந்த நாளையும் நினைவிழந்ததையும் சொல்லி மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். இவை எதுவும் இல்லாமல் கவனச் சிதறலும் எரிச்சலும் மட்டும் இருந்தால், மூளை அதிர்ச்சியிலிருந்து அவர் இன்னும் முழுமையாக மீளவில்லை என்று கொள்ளலாம். அந்நிலையில் படிப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். பந்து விளையாட்டும் மோட்டார் சைக்கிளும் கூடவே கூடாது. முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் மூளை இரண்டாவது அடியை வாங்குவது மிகவும் ஆபத்தானது.

காறை எலும்பு பெரும்பாலும் ஆறு வாரங்களில் கூடத் தொடங்கிவிடும். ஆனால் தோள் முழுமையாகச் சுழன்று, வலியில்லாமல் கைப்பிடியைப் பிடித்து, திடீரென்று பிரேக் போடும் வலிமை வரும்வரை அவர் வண்டி ஓட்டக் கூடாது. பந்தடிக்கும் விளையாட்டுகளுக்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் தந்தையார் தோட்ட மருத்துவமனையில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராகப் பணிபுரிந்தவர். வெட்டுப்பட்டோ விழுந்தோ எவரையாவது தூக்கிக்கொண்டு வந்தால், இரத்தத்தை நிறுத்திய கையோடு அவர் கேட்கும் முதல் கேள்வி “எப்படி நடந்தது?” என்பதாக இருக்காது, “எத்தனை மணிக்கு நடந்தது?” என்றே கேட்பார். அதைப் பதிவேட்டிலும் முதலில் எழுதுவார். எப்படி என்று கேட்டால் வருபவர், “என் தப்புத்தான் ஐயா, கவனிக்கவில்லை” என்று தலைகுனிவார். எத்தனை மணிக்கு என்று கேட்டால், அன்று மழை பெய்து வேலை தாமதமாகத் தொடங்கியதையும், தமக்கு ஒதுக்கிய மர வரிசையை முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டதையும், காலையில் வெறும் தேநீரோடு வந்ததையும் தாமாகவே சொல்வார். அந்த வித்தியாசத்தை நான் அவசரப் பிரிவில் வேலை பார்த்த ஆண்டுகளில்தான் புரிந்துகொண்டேன். அங்கு வந்த மாணவர்களில் பலர் கவனமில்லாத பிள்ளைகள் அல்லர். இரவு வேலை, மறுநாள் காலை எட்டு மணி வகுப்பு, இடையில் மூன்று மணி நேரத் தூக்கம் என்று வாழ்ந்துகொண்டிருந்த பிள்ளைகள்.

தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் மலேசியாவில் 2020ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்திற்குப் பிறகு, வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பும் அதே 50 மில்லிகிராம்தான். உங்கள் மகன் அன்று காலை ஏழு மணிக்கு எழுந்து வகுப்புக்குச் சென்று, மாலையில் உணவகத்துக்குப் போய், 2 மணிக்கு வண்டியை எடுத்திருந்தால், அப்போது பத்தொன்பது மணி நேரமாக விழித்திருந்திருப்பார். ஒரு சொட்டு மதுவும் அருந்தாத பிள்ளை, அருந்தியவரின் கண்ணோடும் கையோடும் அந்தச் சாலையில் வந்திருக்கிறார். ஏழரைச் சனியைப் பற்றி உங்கள் மாமியாரிடம் நான் வாதாடமாட்டேன். சனிக்கிழமை அவர் எள் விளக்கு ஏற்றுவதால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் வாரத்தில் நான்கு இரவுகள் 2 மணிக்கு வண்டி ஓட்டுவது தொடரும்வரை, விளக்கு ஏற்றியதே போதும் என்று நீங்கள் ஆறுதலடைந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

அதே போல, “ஜாக்கிரதையாகப் போ” என்று சொல்வதோடும் நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கணவரை எண்ணிப் பாருங்கள். செம்பனை மரத்தடியில் அவர் உயிரோடும் உடலோடும் இத்தனை ஆண்டுகள் வேலை செய்வது, தினமும் காலையில் எவரோ ஜாக்கிரதை என்று சொல்லி அனுப்பியதால் அல்ல. மட்டையும் குலையும் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்து, மறுபக்கம் நின்று, நீளக் கம்பை மின்கம்பிக்கு அருகில் தூக்காமல், தலையில் தொப்பியோடு வெட்டப் பழகியிருக்கிறார். குலை விழும் என்பதை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். அது விழும் இடத்தில் தாம் நிற்காமலிருக்க ஏற்பாடு செய்துகொண்டார். உங்கள் மகனுக்குத் தேவைப்படுவதும் அப்படிப்பட்ட ஏற்பாடுதான். இதை அவருக்கு எடுத்துச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் அவருடைய தந்தையே.

மோட்டாரை விற்பதா வேண்டாமா என்பதில் நான் கணவர் பக்கமோ மகன் பக்கமோ சேரவில்லை. மலேசியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,000 பேர் சாலை விபத்துகளில் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இதனால் உங்கள் கணவரின் அச்சம் நியாயமானது. அதே நேரத்தில், சிறு பட்டணங்களில் உள்ள வளாகங்களுக்குப் பேருந்து எவ்வளவு அரிதாக வரும் என்பதும், வெளியே தாமான் குடியிருப்பில் அறை எடுத்துத் தங்குபவருக்கு கப்சாய் எனும் சிறு மோட்டாரே கால் என்பதும் எனக்குத் தெரியும். வண்டியை விற்றால் அவர் நண்பரின் வண்டியில் பின்னால் அமர்ந்து வருவார். அந்த நண்பரும் பத்தொன்பது மணி நேரம் விழித்தவராக இருப்பார். ஆகவே விற்க வேண்டியது வண்டியை அல்ல, அந்த நேரத்தைத்தான். இரவு பத்து மணிக்கு முடியும் வேலை நேரத்தையோ, வார இறுதிப் பகல் வேலையையோ முதலாளியிடம் கேட்கச் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால் வேறு வேலை தேடட்டும்; வளாகத்துக்குள்ளேயே நூலகத்திலும் அலுவலகங்களிலும் மாணவர்களுக்குப் பகுதிநேர வேலை கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. தாமதமாகிவிட்ட இரவில் வண்டியை உணவகத்திலேயே விட்டுவிட்டுக் கிராப் வாடகை வண்டியில் திரும்பலாம். அந்தச் செலவை வீட்டிலிருந்து நீங்கள் கொடுப்பீர்கள் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடுங்கள். பத்துப் பதினைந்து வெள்ளியை மிச்சம் பிடிப்பதற்காகவே பிள்ளைகள் அந்த நேரத்தில் வண்டியை எடுக்கிறார்கள். வீட்டு நிலைமை தெரிந்த பிள்ளைகள் உங்களிடம் அதைக் கேட்கமாட்டார்கள்.

தலைக்கவசம் 1973 முதல் நம் நாட்டில் சட்டப்படி கட்டாயம். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அது தலைக்காயத்தின் வாய்ப்பை 69 விழுக்காடும் மரணத்தின் வாய்ப்பை 42 விழுக்காடும் குறைக்கிறது. ஆனால் இந்தப் பலன் முறையாக அணிந்த கவசத்துக்கே உரியது. தாடைக்கடியில் வார் பூட்டப்படாவிட்டால், உடல் தரையைத் தொடுவதற்கு முன்பே கவசம் கழன்று பறந்துவிடும். வாருக்கும் தாடைக்கும் இடையில் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். சிரிம் தர முத்திரை இருக்க வேண்டும். ஒருமுறை அடிபட்ட கவசத்தை, வெளியில் கீறல்கூட இல்லாவிட்டாலும், மறுபடியும் அணியக் கூடாது. உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு அந்த ஒரு அடியிலேயே நசுங்கித் தன் வேலையை முடித்துவிடுகிறது. நீண்ட வறட்சிக்குப் பிறகு மழை பெய்யத் தொடங்கும் முதல் சில நிமிடங்களில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் மிதந்து வழுக்கும் என்பதையும், செம்பனை லாரிகள் திரும்பும் சந்திப்புகளில் மண்ணும் பழமும் சிதறிக் கிடக்கும் என்பதையும் தோட்டத்துப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் குடும்பங்களில் பலருக்கு இது தெரிவதில்லை. உங்கள் மகன் வேலையிடத்திலிருந்து தங்குமிடத்திற்கு நேராகத் திரும்பும் வழியில் விழுந்திருக்கிறார். 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், அப்படிப்பட்ட பயண விபத்தும் வேலை விபத்தாகவே கருதப்படுகிறது. ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளியும் பெர்கேசோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் அவரைப் பதிய வேண்டும். பகுதிநேரம் என்பதோ, மாணவர் என்பதோ அதற்குத் தடையல்ல. குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்புச் சான்று இருந்தால், தற்காலிக இயலாமைக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவமனைச் சீட்டுகள், விடுப்புச் சான்று, வேலை அட்டவணை, சம்பளம் வங்கியில் விழுந்ததற்கான ஆதாரம், காவல்துறைப் புகார் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு பெர்கேசோ அலுவலகத்திற்கு அவரை அனுப்புங்கள். சாலை விபத்து நடந்தால் 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும் என்பது சட்டம். அவர் செய்யாமல் இருந்திருந்தால், மருத்துவமனையில் கிடந்த காரணத்தைச் சொல்லி இப்போதாவது செய்யட்டும். முதலாளி பதியவே இல்லை என்றாலும் அலுவலகத்திற்குப் போகத் தயங்க வேண்டாம்; அது முதலாளியின் குற்றம், உங்கள் மகனுடையதல்ல. பல்கலைக்கழகக் கட்டணத்தோடு மாணவர் குழுக் காப்புறுதியும் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று மாணவர் நலப் பிரிவிலும் கேளுங்கள். ரசீதுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

அறைத்தோழனின் தீக்காயத்திலும் இதே கதைதான் இருக்கிறது. பல விடுதிகளில் மின்சாரக் கெட்டிலும் சோறு வேகவைக்கும் குக்கரும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. உணவகம் மூடிய பிறகு பசிக்கும் பிள்ளைகள் அவற்றை ஒளித்து வைத்துப் பயன்படுத்துகிறார்கள்; ஒளித்து வைப்பதென்றால் கட்டிலுக்கடியில், தரையில், கதவோரத்தில். கால் தடுக்கும் இடத்தில் கொதிநீர் இருக்கிறது; இரவு ஒரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு ஒருவர் படுத்திருக்க, மற்றவர் மெகிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். தடையை மட்டும் போட்டுவிட்டு, மாடிதோறும் ஒரு வெந்நீர்க் குழாயும் மேசையும் உள்ள சிற்றறையைக் கொடுக்காத நிர்வாகத்துக்கும் இதில் பங்குண்டு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மாணவர் பேரவை வழியாக அதைக் கேட்க முடியும். உங்கள் மகனும் அவருடைய தோழரும் கேட்க வேண்டும்.

வெந்துவிட்டால் செய்ய வேண்டியது எளிது. ஆனாலும் பெரும்பாலோர் தவறாகவே செய்கிறார்கள். குழாயில் ஓடும் சாதாரணக் குளிர்ந்த நீரில் இருபது நிமிடங்கள் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் எரிச்சல் குறைந்தாலும் எடுத்துவிடக் கூடாது. உடனே முடியாமல் போனாலும் மூன்று மணி நேரத்திற்குள் செய்தால் பலன் உண்டு. நனைந்த உடையையும் மோதிரத்தையும் வளையலையும் வீங்குவதற்குள் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. பற்பசை, கிச்சாப், மாவு, வெண்ணெய், ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். இவையெல்லாம் பூசப்பட்டு வரும் காயத்தை, அவற்றைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் எங்களால் பார்க்கவே முடிகிறது. அந்தப் பிள்ளைகள் படும் வேதனையைப் பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். காயம் நோயாளியின் சொந்த உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்டிருந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விடுதி அறையின் மின்சாரத்தையும் இதோடு சொல்லிவிடலாம். ஒரே சுவர்ச் செருகியில் நீட்டிப்புக் கம்பி, அதில் இன்னொரு நீட்டிப்பு என்று தொடர்வது கூடாது. கைப்பேசியைத் தலையணைக்கடியில் வைத்து மின்னேற்றக் கூடாது. மின்ஸ்கூட்டரின் பேட்டரியை வெளியேறும் கதவுக்கு அருகில் வைத்து இரவு முழுவதும் மின்னேற்றினால், தீப்பிடிக்கும்போது தப்பும் வழியே அடைபட்டுவிடும்.

இப்போது உங்கள் மகளைப் பற்றி. அனுப்புங்கள். தயங்காமல் அனுப்புங்கள். வீட்டிலேயே வைத்திருந்தால் விபத்து நேராது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. படிப்பு போய்விடும் என்பது மட்டும் உறுதி. ஆனால் அவர் எந்த நேரத்தில், எதில் பயணம் செய்வார் என்பதைச் சேர்க்கைக் கடிதத்தோடு சேர்த்து இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். 2025 ஜூன் 9 அன்று, நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில், கெரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து கவிழ்ந்து, விடுமுறை முடிந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அவ்வாண்டு ஜூலை முதல் விரைவுப் பேருந்துப் பயணிகள் இருக்கை வார் அணிய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. உங்கள் மகள் பகல் பேருந்தையோ ரயிலையோ தேர்ந்தெடுக்கட்டும். சுங்கைப்பட்டாணியிலேயே ரயில் ஏறலாம். பேருந்தில் அமர்ந்ததும் வாரைப் பூட்டட்டும். காரின் பின்னிருக்கையிலும் 2009 முதல் அது கட்டாயம். தோழியின் மோட்டாரில் பின்னால் அமர்ந்தால் அவருக்கும் சொந்தமாக ஒரு தலைக்கவசம் வேண்டும். துப்பட்டாவையும் சேலைத் தலைப்பையும் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். பொங்கல் விழா, தீபாவளி நிகழ்ச்சி என்று சேலை கட்டிய நாட்களில் சக்கரத்தில் துணி சிக்கி விழுந்த பெண்களுக்கு நான் சிகிச்சை அளித்திருக்கிறேன்.

அவர் அறிவியல் பாடம் எடுப்பவரானால், ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் கவசத்தை நெற்றியில் ஏற்றிவிடாமல் கண்ணில் அணியட்டும். கண்ணில் இரசாயனம் தெறித்தால், ஆசிரியரைத் தேடி ஓடுவதற்கு முன் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். விளையாட்டுக் காயங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: கணுக்கால் சுளுக்கி நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும், உருவிவிடுபவரிடம் போகக் கூடாது. மாலை நேரத்தில் இடி கேட்டால் திடலைவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

அருவிக் குளியலைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்போடு பேசுங்கள். பருவத் தேர்வு முடிந்த மறுநாள் பிள்ளைகள் கூட்டமாகப் போவது அங்கேதான், அதுவும் தேர்வுக்காக இரவெல்லாம் விழித்த உடம்போடு. 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய திடீர் நீர்ப்பெருக்கு யான் வட்டாரத்தில் உயிர்களைப் பறித்ததை நம் பக்கத்தில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். குளிக்கும் இடத்தில் வெயில் காயும்போதே மலைமேல் மழை பெய்துகொண்டிருக்கும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் கூடுதலாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் உரத்துக் கேட்டாலோ, செருப்பையும் பையையும் தேடாமல் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். ஜெராய் மலையடியில் வளர்ந்த உங்கள் மகள், பட்டணத்திலிருந்து வரும் தோழியருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவும் கூடும்.

இருவரின் கைப்பேசியிலும் 999, விடுதிக் காவலர், வளாக மருத்துவகம், உங்கள் வீடு ஆகிய எண்கள் இருக்கட்டும். அவற்றை ஒரு தாளில் எழுதிப் பணப்பையிலும் வைக்கச் சொல்லுங்கள். கீழே விழுந்த கைப்பேசி பூட்டியே கிடக்கும். இரத்த வகையும் மருந்து ஒவ்வாமையும் அதே தாளில் இருக்க வேண்டும்.

உங்கள் மகனிடம் அந்த இரவைப் பற்றிப் பேசும்போது அவரைக் குற்றவாளியாக நிறுத்திவிடாதீர்கள். திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த முறை விழுந்தால் உங்களிடம் சொல்லாது. தலையில் அடிபட்டதை மறைத்துவிட்டுத் தனியே படுத்து உறங்கிவிடும் பிள்ளையைப் பற்றித்தான் நான் எப்போதும் அஞ்சுகிறேன். அன்று எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன சாப்பிட்டார், முந்தைய இரவு எவ்வளவு நேரம் தூங்கினார் என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவரே சொல்வார்.

தோளைக் காட்ட ஆறாவது வாரத்தில் அவர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு விடுமுறையில் பீடோங் வரும்போது என் மருத்துவகத்திற்கும் அழைத்து வாருங்கள். அன்று அணிந்திருந்த தலைக்கவசத்தையும் அவர் கையோடு எடுத்து வரட்டும். அதன் உட்புறத்தைப் பிரித்து அவருக்கும் தங்கைக்கும் காட்டிவிட்டு, அதை நானே குப்பையில் போட்டுவிடுகிறேன்.